நாலு நாற்பதுக்குத் திரும்பியிருக்க வேண்டும்

அங் மோ கியோ, சிங்கப்பூர்
17 ஆகஸ்ட் 2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தேசிய தினம் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியும் நம் புளோக்கின் தாழ்வாரங்களில் யாரும் கொடிகளை இறக்கவில்லை. அவை காற்றில் படபடப்பதைக் கேட்டுக்கொண்டே சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் திடீரென்று தாளும் பேனாவுமாக ஏன் உட்கார்ந்தாள் என்று நீ நினைக்கக்கூடும். அடுத்த ஆண்டு ஜூலையில் நண்பர்கள் மூவருடன் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போய், வழிகாட்டி யாருமின்றி நீங்களே கார் ஓட்டிக்கொண்டு விலங்குகளைப் பார்க்கப் போவதாகச் சென்ற வாரம் நீ சொன்னபோது, ‘நல்லது, போய் வா’ என்று சொல்லி அழைப்பை முடித்துவிட்டேன். முடித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் என் தோழிகள் மூவரும் அங்கே போய் வந்தபோது எடுத்த படங்கள் அனைத்தையும் நீ பார்த்தாய். அவற்றைப் பார்த்துத்தான் உனக்கும் ஆசை வந்தது. ஆனால் மூன்றாம் நாள் மாலை 4.58 மணியிலிருந்து 6.02 மணி வரை எங்கள் நால்வரில் ஒருவரும் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். அந்த 64 நிமிடங்களைப் பற்றி உனக்குச் சொல்லாமல் உன்னை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நான் புறப்படும் முன்பு நீ என்னைத் தடுத்தாய். 64 வயதில் முன்பின் தெரியாத நாட்டில் கார் ஓட்ட வேண்டுமா, விலங்குதான் பார்க்க வேண்டுமென்றால் மண்டாய் 20 நிமிடத் தொலைவில்தானே இருக்கிறது என்று கேட்டாய். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1973இல் திறந்த விலங்குத் தோட்டத்துக்கும் 1994இல் திறந்த நைட் சஃபாரிக்கும் உன்னை எத்தனை முறை அழைத்துப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. அங்கே டிராம் எங்கே மெதுவாகும், எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் வேறொருவர் ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருக்கிறார். க்ரூகரில் அப்படி யாரும் இல்லை. நம் தீவைப் போல 26 தீவுகளை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும் அளவுக்கு அது பெரிது. 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். காலையில் 6 மணிக்கு முகாமின் வாயிற்கதவு திறந்ததும், இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்பதே அன்றைய நாளின் முதல் பந்தயமாக இருந்தது. வழிகாட்டி இல்லையென்றால் அவர் செய்கிற வேலைகள் இல்லாமல் போய்விடுவதில்லை. நேரம் பார்ப்பதும், தூரத்தைக் கணக்கிடுவதும், விலங்கின் மனநிலையை அறிவதும், வண்டிக்குள் இருப்பவர்களை அடக்கி வைப்பதும் வண்டியில் இருக்கிறவர்கள் தலையிலேயே விழும். நாங்கள் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டுதான் போனோம். பிடோக் ஆன்ட்டியிடம் வரைபடம், தோ பாயோ ஆன்ட்டியிடம் சாப்பாடு, ஈசூன் ஆன்ட்டியிடம் கேமராவும் தொலைநோக்கியும், என்னிடம் ஸ்டியரிங். ‘போதும், திரும்பலாம்’ என்று சொல்லும் வேலையை மட்டும் யாருக்கும் கொடுக்க மறந்துவிட்டோம்.

பயண ஏற்பாடுகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அவற்றில் நீ என்னைவிடக் கெட்டிக்காரன். இரவு விமானம் ஏறி விடியற்காலையில் ஜோகனஸ்பர்க்கில் இறங்கியவுடன் 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாம் என்று நினைக்காமல், அன்றிரவு அங்கேயே தங்கித் தூங்கி, மறுநாள் பகல் வெளிச்சத்தில் என்4 நெடுஞ்சாலையைப் பிடித்தது நாங்கள் செய்த ஒரு நல்ல காரியம். அங்கும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். போக்குவரத்து விளக்கை ‘ரோபோ’ என்கிறார்கள். அடுத்த ரோபோவில் இடப்பக்கம் திரும்புங்கள் என்று ஒருவர் வழி சொன்னபோது தோ பாயோ ஆன்ட்டி உண்மையிலேயே ஓர் இயந்திர மனிதனைத் தேடினார். வாடகைக் கார்களில் கியர் மாற்றும் வண்டிகளே அங்கே அதிகம். நான் உரிமம் எடுத்தது கிளட்ச் காலத்தில்தான் என்றாலும் கிளட்சை மிதித்து 20 ஆண்டுகள் ஆகிவிட்டதால், கியர் தானே மாறும் ஆட்டோ வண்டி வேண்டும் என்று மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைத்தேன். உன் உரிமம் ஆட்டோவுக்கு மட்டுமானது என்பதால் நீயும் அதை மறக்காதே. உபரிச் சக்கரமும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று வண்டியை வாங்கும் இடத்திலேயே திறந்து பார்த்துவிடு. எங்களுக்கு வண்டி தந்த இடத்தில், நாங்கள் கேட்ட பிறகுதான் ஜாக்கியைத் தேடி எடுத்து வந்து வைத்தார்கள்.

பூங்காவுக்குள் தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 என்பது வேக வரம்பு. தீவு விரைவுச்சாலையில் 90இல் போய்ப் பழகிய காலுக்கு முதல் நாள் அது தண்டனையாக இருந்தது. இரண்டாம் நாளே 50 என்பதும் அதிகம் என்று புரிந்துவிட்டது. 50இல் போகிறவர் கண்ணுக்குப் புதர்தான் தெரியும். 20இல் போகிறவருக்குத்தான் புதருக்குள் நிற்கும் குடு மானின் காது தெரியும். ஆகவே 40 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரம் என்று கணக்கிடாதே, இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள். இந்தக் கணக்கை நீ நினைவில் வைத்திரு. பின்னால் இதற்கு வருகிறேன்.

முதல் இரண்டு நாட்களும் நாங்கள் குழந்தைகளாகத்தான் இருந்தோம். முதல் இரவு பெர்க்-என்-டால் முகாமில் தங்கிவிட்டு, மறுநாள் சாபி ஆற்றங்கரையில் இருக்கும் லோயர் சாபி முகாமுக்குப் போனோம். கூரை வேய்ந்த குடில்கள், சமைக்க அடுப்பு, வெளித் திண்ணையில் குரங்குக்கு எட்டாதபடி தாழ்ப்பாள் போட்ட குளிர்சாதனப் பெட்டி. முகாமைச் சுற்றி மின்வேலி உண்டு என்றாலும், இரவில் வேலிக்கு அப்பால் கழுதைப்புலியின் குரல் கேட்டபோது நால்வரும் ஒரே அறைக்கு வந்துவிட்டோம். ஜூலை அவர்களுக்குக் குளிர்காலம், மழையில்லாத காலம். புல் காய்ந்து தாழ்ந்துவிடுவதாலும், நீர் சில இடங்களில் மட்டுமே மிஞ்சுவதாலும் விலங்குகள் தாமே நம் கண்ணில் படுகின்றன. விடியலில் பல் கிட்டும் குளிர். நண்பகலில் நம்மூர் மார்கழிப் பகல் போல இருக்கும். கொசு குறைவான பருவம்தான், ஆனாலும் அது மலேரியாப் பகுதி. புறப்படும் முன் மருத்துவரைப் பார்த்து மாத்திரைக்கு ஏற்பாடு செய்துகொள்.

நீ என்னைக் கேலி செய்வாய் என்று தெரிந்தும் இதைச் சொல்கிறேன்: அந்தக் காட்டில் நான் பாதி நேரம் விலங்கைப் பார்த்தேன், பாதி நேரம் சொல்லைப் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கி என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன்! கார்க் கண்ணாடிக்கு ஆறடி தொலைவில் ஒன்று நின்று, முள்மரத்தின் இலையை நீலநிற நாக்கால் உருவி எடுத்தபோதுதான், சிவிங்கியின் புள்ளியும் ஒட்டகத்தின் கழுத்தும் சேர்ந்த உருவம் என்று பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை என்பது விளங்கியது. இலத்தீனில் வைத்த பழைய பெயரும் ஒட்டகத்தையும் சிறுத்தையையும் சேர்த்ததுதான். சிவிங்கி வேறு, சிறுத்தை வேறு என்று வகுப்பில் மாணவர்களைத் திருத்திய நான், தொலைவில் ஒரு புள்ளியுடலைக் கண்டு ‘சிறுத்தை!’ என்று கத்தி, அது சிவிங்கி என்று ஈசூன் ஆன்ட்டியால் திருத்தப்பட்டேன். யானைகளில் களிறு எது, பிடி எது என்று பிரிப்பதற்கு நம் பக்கத்து இலக்கணம் அங்கே உதவாது. நம் பக்கத்தில் கொம்பு களிற்றுக்குத்தான், அதிலும் மக்னாவுக்கு இல்லை, ஆனால் ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. நெற்றி வளைவைப் பார்க்க வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டோம்.

ஸ்குகூசா என்று ஒரு முகாம் இருக்கிறது. பூங்காவின் தலைமையகமே அதுதான். 1898இல் சாபி காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பகுதிக்கு 1902இல் முதல் காப்பாளராக வந்த ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு அங்கிருந்த மக்கள் வைத்த பெயர் அது. துடைத்துப் பெருக்கியவர் என்று பொருளாம். வேட்டையை ஒழித்தவர் என்பதற்காகவும் இருக்கலாம், குடியிருந்தவர்களை வெளியேற்றியவர் என்பதற்காகவும் இருக்கலாம். பெயரில் பாராட்டு எவ்வளவு, வசை எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. கம்பத்து (கிராமத்து) வீட்டை இடித்தபோது பாத்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பத்துப் பெண் என்பதால் அந்தப் பெயர்ப்பலகையின் முன் சற்று அதிக நேரம் நின்றேன். 1926இல்தான் அது தேசியப் பூங்காவானது. மறு ஆண்டு உள்ளே வந்த சுற்றுலாக் கார்கள் மொத்தம் மூன்றே மூன்று. நீ போகும்போது பூங்காவுக்கு 100 ஆண்டு நிறைந்திருக்கும். கூட்டமும் அதற்கேற்ப இருக்கும் என்பதால், இடத்தை இப்போதே பதிவு செய்.

இனி மூன்றாம் நாளுக்கு வருகிறேன்.

அன்று காலை லோயர் சாபியிலிருந்து ஆற்றோரச் சாலையிலேயே ஸ்குகூசா வரை போய் வருவதாகத் திட்டம். ஒரு வழித் தூரம் 46 கிலோமீட்டர். நடுவே இன்குலு என்னும் இடத்தில் மட்டும் வண்டியை விட்டு இறங்கலாம். மற்றபடி குறிக்கப்பட்ட சில இடங்களைத் தவிர எங்கும் கதவைத் திறக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அங்கே நண்பகலில் டர்பனிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழி வந்தவர்கள். எங்கள் புடவைப் பேச்சைக் கேட்டுவிட்டு அந்த வீட்டுப் பாட்டி எழுந்து வந்து ‘வணக்கம்’ என்றார். அதற்குமேல் அவருக்குத் தமிழில் தெரிந்தவை தண்ணி, சாப்பாடு, போதும் ஆகிய மூன்று சொற்களே. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டே எங்களுக்கு அவர் ஒரு பெரிய தட்டு நிறையப் பரிமாறினார். நாங்கள் ‘போதும், போதும்’ என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவருடைய மருமகன் ஆண்டுதோறும் இங்கே வருகிறவர். யானையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: கூட்டமாக, குட்டிகளோடு மேய்கிற யானைகளுக்கு விலகி நின்று வழிவிடுங்கள், தனியாக வருகிற பெரிய ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரம் வழிந்திருந்தால் அதனோடு பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் போய்விடுங்கள், ஹாரனை அடிக்காதீர்கள். அந்தச் சந்திப்பு இல்லாமல் போயிருந்தால் நான் உனக்கு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பேனா என்று தெரியவில்லை.

ஸ்குகூசாவிலிருந்து திரும்பும்போது, எட்டாவது கிலோமீட்டரில், ஆற்றோரத்து அத்தி மரம் ஒன்றின் எதிரே பத்துப் பன்னிரண்டு கார்கள் நின்றிருந்தன. மணி 3.30. கிளையில் சிறுத்தை படுத்திருக்கிறது என்றார் அருகில் நின்ற காரில் இருந்தவர். எங்களுக்குத் தெரிந்தது வால் மட்டும்தான். இலைக்கூட்டத்துக்குள்ளிருந்து தொங்கிய அந்த வாலின் நுனி வெள்ளையாக இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது மெல்லச் சுருண்டு, மறுபடி நேராகும். அவ்வளவுதான். ஈசூன் ஆன்ட்டியை உனக்குத் தெரியும். சிறுத்தை ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணத்துக்கு இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தவர். ‘எழுந்தால் முகம் தெரியும், இன்னும் ஐந்தே நிமிடம்’ என்றார். நானும் நின்றேன். 4 மணிக்குப் பிடோக் ஆன்ட்டி, வரைபடத்தில் விரலை வைத்து, ‘38 கிலோமீட்டர் இருக்கிறது, கதவு 5.30க்கு’ என்று மெதுவாகச் சொன்னார். ஜூலையில் அங்கே 5.30க்கு முகாமின் கதவை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சாலை விலங்குகளுடையது. ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்றது பின்னிருக்கை. பக்கத்துக் கார்களும் நகரவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் கார்களில் பாதி ஸ்குகூசாவில் தங்குகிறவர்களுடையவை, அவர்களுக்குப் போக வேண்டியது எட்டே கிலோமீட்டர் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஊரார் கடிகாரத்தைப் பார்த்து நம் நேரத்தைக் கணக்கிட்டது போலத்தான் அது.

38 கிலோமீட்டரை 50 வேகத்தில், நடுவே எங்கும் நிற்காமல் கடந்தாலே 46 நிமிடம் பிடிக்கும். ஆகவே விதிக்கு உட்பட்டுத் திரும்புவதற்கு, சில நிமிடம் மிச்சம் வைத்துப் பார்த்தால், 4.40தான் எங்களுக்குக் கடைசி நேரம். அதுகூட அறிவுள்ளவர்களுடைய நேரம் அல்ல, அறிவுள்ளவர்கள் 3.30க்கே கிளம்பியிருப்பார்கள். நான் வண்டியைக் கிளப்பியபோது மணி 4.58. சிறுத்தை எழுந்திருக்கவில்லை. மீதி இருந்த 32 நிமிடத்துக்குள் கதவைப் பிடிக்க வேண்டுமென்றால் மணிக்கு 71 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். உன் அம்மா, 31 ஆண்டுகள் பள்ளியில் வேலை பார்த்து ஒருநாளும் தாமதமாகப் போகாதவள், அந்த வேகத்தில்தான் போனாள். இப்போது யோசித்தால், எட்டுக் கிலோமீட்டர் பின்னால் போய் ஸ்குகூசாவில் நிலைமையைச் சொல்லி, ஏதாவது ஒரு மூலையில் தங்க இடம் கேட்டிருக்கலாம். எங்கள் மாற்றுத்துணியும் இரத்த அழுத்த மாத்திரைகளும் லோயர் சாபியில் இருந்தன. அதனால் அந்த வழி எங்கள் நினைவுக்கே வரவில்லை. நீ மாத்திரை சாப்பிடுகிற வயதில் இல்லை. என்றாலும் அவசியமானவற்றை எப்போதும் வண்டியிலேயே வைத்துக்கொள்.

5.18க்கு ஒரு வளைவு. சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. வளைவைத் திரும்பியதும் சாலையின் நடுக்கோட்டின் மேலேயே, எங்களை நோக்கி, ஒரு களிறு வந்துகொண்டிருந்தது. நான் பிரேக்கை மிதித்து வண்டி நின்றபோது இடையில் நாற்பது மீட்டர் இருந்திருக்கும். பின்னிருக்கையில் இருந்த சம்பல் டப்பா உருண்டு என் காலடிக்கு வந்தது. யானை நிற்கவில்லை, ஓடவும் இல்லை. தன் வீட்டு வாசலில் நடக்கிறவரைப் போல நடந்து வந்தது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு, தார் பூசியது போல வழிந்திருந்தது. பின்னங்கால்களின் உட்புறம் நனைந்திருந்தது. ஈசூன் ஆன்ட்டி படம் பிடிப்பதற்காக இறக்கி வைத்திருந்த கண்ணாடி வழியாக ஒரு நெடி உள்ளே வந்தது. தொழுவமும் புளித்த கஞ்சியும் கலந்த நெடி. மதநீர் என்று கரும்பலகையில் எழுதி, கடாம் என்றாலும் அதுவே என்று பக்கத்தில் எழுதி, யானையின் கன்னத்தில் சுரக்கும் நீர் என்று பொருள் சொல்லி, தேர்வுத்தாளில் அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தச் சொல்லுக்கு வாடை உண்டு என்று எந்த உரையிலும் படித்ததாக எனக்கு நினைவில்லை.

‘ஹாரன் அடி’ என்றது ஒரு குரல். ‘விளக்கைப் போட்டு அணை’ என்றது இன்னொரு குரல். தோ பாயோ ஆன்ட்டி முருகா முருகா என்று சொல்லத் தொடங்கிவிட்டார். நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

நம் புளோக்கின் பலமாடிக் கார்ப்பேட்டையில், இரண்டு தூண்களுக்கு நடுவே பின்னோக்கி நிறுத்துவதற்கு நான் மூன்று முறை முன்னும் பின்னும் போவதைப் பார்த்து நீ தலையில் அடித்துக்கொள்வாயே, அந்த அம்மாதான் அன்றைக்கு வளைவையும் சேர்த்து ஏறக்குறைய 300 மீட்டர் பின்னோக்கி ஓட்டினாள். 500 இருக்கும் என்கிறார் பிடோக் ஆன்ட்டி. காரின் பின்புறக் கேமராத் திரையில் சாலையின் ஓரம் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டதால் அவர் கண்ணாடி வழியே தலையை நீட்டாமல், பின்பக்கம் திரும்பி மண்டியிட்டு, ‘இடப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம், நேரே’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் பின்வாங்கிய வேகத்துக்கு யானை முன்னே வந்தது. நான் நின்றால் அதுவும் நின்று தலையை ஒருமுறை உதறும், காது இரண்டும் பாய் விரித்தது போல விரியும். பின்னால் ஒரு கார் வந்து நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இன்றும் நான் முழுதாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஒருவரும் வரவில்லை, அந்த நேரத்தில் மற்றவர்கள் எல்லோரும் முகாமுக்குள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். 5.36க்கு அது சாலையை விட்டு இறங்கி ஆற்றுப் பக்கம் போனது. நாங்கள் இருந்தோம் என்பதே அதற்கு மறந்துவிட்டது போல இருந்தது, அதன் நடை.

மீதி 16 கிலோமீட்டரை முகப்பு விளக்குடன், மணிக்கு 40 வேகத்தில், யாரும் பேசாமல் கடந்தோம். நடுவில் ஒரு கழுதைப்புலி விளக்கின் வெளிச்சத்தில் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. ஒருவரும் கேமராவை எடுக்கவில்லை. 6.02க்கு வாயிலை அடைந்தபோது கதவு சாத்தியிருந்தது. காவலர் வந்து திறந்தார், திட்டவில்லை. பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டே, ‘யானையா, சிறுத்தையா?’ என்று மட்டும் கேட்டார். ‘இரண்டும்’ என்றேன். சிரித்துவிட்டு அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அபராதத்தை என் அட்டையில் கட்டினேன். அதைப் பங்கிடச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

அன்றிரவு தோ பாயோ ஆன்ட்டி குக்கரில் சோறு வைத்தார். நால்வரும் சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். கடைசியில் நான், ‘உனக்காகத்தானே நின்றோம்’ என்று ஈசூன் ஆன்ட்டியிடம் கேட்டுவிட்டேன். அவர் தட்டை வைத்துவிட்டு, ‘நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன், அது என் ஆசை. வண்டி உன் கையில் இருந்தது, நீ கிளம்பியிருக்கலாமே’ என்றார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். விடியற்காலையில் விழித்துப் படுத்திருந்தபோதுதான் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்று தோன்றியது. 40 ஆண்டு நட்பு, மனம் கோணிவிடுமோ என்று நான் ஒன்றரை மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தேன். நான்கே தமிழ்ச் சொற்கள் தெரிந்த அந்த டர்பன் பாட்டிக்குக்கூட வாயில் வந்த சொல், தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவளுக்கு வரவில்லை.

காலையில் காப்பி குடிக்கும்போது ஒரு விதி செய்தோம். எந்தெந்த இடத்தில் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் பென்சிலால் எழுதுவது. அந்த நேரம் வந்ததும் ஓட்டுகிறவர் யாரிடமும் கேட்காமல் வண்டியைக் கிளப்புவது. அதற்காக ஒருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருப்பது. மூன்றாவதுதான் கடினமாக இருந்தது. அதற்குப் பிறகு சதாரா முகாமில் தங்கிய மூன்று நாட்கள்தான் பயணத்திலேயே நல்ல நாட்கள். நேரத்தைப் பற்றி யாரும் யாரையும் ஓரக்கண்ணால் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பதால், ஒரு நீர்நிலையின் ஓரம் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது வந்து நீர் குடித்தவைதான் உனக்குப் பிடித்த அந்த வரிக்குதிரைப் படத்தில் இருப்பவை. லெட்டாபா முகாமின் யானைக் காட்சிக்கூடத்தில் மூன்று மீட்டருக்கும் நீளமான தந்தத்தைப் பார்த்தபோது, ஈசூன் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நம்மாளுக்கு இவ்வளவு நீளம் இல்லை’ என்றார். அவ்வளவில் சமாதானம் ஆனது.

இதையெல்லாம் நீ வருத்தப்பட வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, நீ போகாதே என்பதற்காகவும் எழுதவில்லை. நீ என்னைக் கொண்டு பிறந்தவன் என்பதற்காக எழுதுகிறேன். நண்பன் ஒருவன் கேலாங்கில் டுரியான் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றதற்காக மான்செஸ்டர் விமானத்தைத் தவறவிட்டவன் நீ. அன்று அடுத்த விமானம் இருந்தது. உங்கள் நால்வரில் பெரும்பாலும் நீதான் ஓட்டுவாய் என்று சொன்னாய். அப்படியானால் டிக்கெட் எடுக்கும் முன்பே மூவரையும் உட்காரவைத்து, திரும்பும் நேரத்தில் உன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று சொல்லி ஒப்புக்கொள்ளவை. சொல்லக் கூச்சமாக இருந்தால், அம்மா இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள் என்று என் மேல் பழியைப் போட்டுப் படித்துக் காட்டு. இன்னொருவன் ஓட்டுகிற நாளில் நீயும் பின்னிருக்கையில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

எங்கள் வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சாபி ஆற்றோரம் ஓர் அத்தி மரத்தைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் 4.40 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருப்பது பிடோக் ஆன்ட்டியின் கைவேலை. மூலையில் இருக்கும் எண்ணெய்க் கறை சம்பல். அந்த ஊர்ச் சுவரில் மூன்று பெரிய உருண்டைத் துளைகள் இருக்கும், உன் ப்ளக் எதுவும் அதில் நுழையாது. நான் இரவல் வாங்கிய இணைப்பியையும் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன், திரும்பி வந்ததும் தோ பாயோ ஆன்ட்டியிடம் கொடுத்துவிட வேண்டும், அது அவருடையது.

அன்புடன்,
அம்மா